பச்சை தெரியக் கூடாது

டேப்பை மடக்குங்கள் மேஸ்திரி. முதலில் அதை மடக்கிப் பையில் போடுங்கள். பிறகு பேசலாம்.

யார் அனுப்பினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். செயலாளர் அனுப்பியிருப்பார். ஷெட்டில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது, நீளம் அகலம் எடுத்து வாருங்கள், சங்க வாசலில் சிமென்ட் பீடம் கட்டி மேலே தூக்கி வைக்கவேண்டும் என்று சொல்லியிருப்பார். பக்கத்தில் ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பான், ஏதாவது கத்துவான், கண்டுகொள்ளாதீர்கள் என்றும் சொல்லியிருப்பார். சிரிக்கிறீர்கள் பாருங்கள். சொல்லியிருக்கிறார்.

அந்தக் கிழவன் நான்தான். தம்புசாமி. கீழப்பனையூர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவன். இரண்டு வருடம் முன்பு வரைக்கும் செயலாளர், இப்போது கௌரவ ஆலோசகர். கௌரவ ஆலோசகர் என்றால் என்ன தெரியுமா? மேடையில் நாற்காலி உண்டு. தோளில் துண்டு போடுவார்கள். மைக்கை மட்டும் கடைசியில் கொடுப்பார்கள், கூட்டம் கலைகிற நேரமாகப் பார்த்து. என்னைப் பீடத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். இனி வண்டி ஒன்றுதான் பாக்கி.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். வண்டியில் மட்டும் சாயவேண்டாம்.

இன்று மறியல் நாள், எங்கள் பழைய மறியலை வருடாவருடம் நினைவுகூர்கிற நாள். சாயங்காலம் ஊர்வலம். செயற்குழுவில் என்ன முடிவு செய்தார்கள் என்று உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வண்டி யாரும் தள்ளாமல் தானாகக் கிளம்பவேண்டும். மைக்செட்டைச் சுமந்துகொண்டு கடைத்தெரு வரை போகவேண்டும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் மைக் நிற்கக் கூடாது. அப்படி நடந்தால் வண்டி ஓடுகிற வண்டியாகவே இருக்கும். நடுவில் மைக் நின்றால் பீடம். நானும் ஒப்புக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன். ஊர்வலம் இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் அளவெடுக்க நீங்கள் வந்து நிற்கிறீர்கள். அவர்கள் நம்பிக்கையைப் பார்த்தீர்களா? என்மேல் எவ்வளவு நம்பிக்கை!

செயலாளர் பெயர் என்னவென்று உங்களிடம் சொன்னார்? மணி என்றுதானே? அவன் பெயர் மணி இல்லை. புரட்சிமணி. அந்தப் பெயரை வைத்தது நான். அவன் அப்பன் குழந்தையைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தபோது, பெரியகோட்டைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் நான் வெளியே வந்திருந்தேன், முட்டி வீங்கியிருந்தது, அந்த வீக்கத்தோடு வைத்த பெயர். அவன் இப்போது போஸ்டரில் 'ஆர். மணி, பி.எஸ்சி.' என்று போட்டுக்கொள்கிறான். புரட்சி எங்கேடா என்று கேட்டேன். "இடம் பத்தல தோழர்" என்றான். பி.எஸ்சி.க்கு இடம் இருக்கிறது. புரட்சிக்கு இடம் பத்தவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். இந்த வண்டி எங்களை அழிக்க வந்த வண்டி. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுபத்திரண்டாம் வருடம் குறுவை அறுவடை. கூலி உயர்வு கேட்டு அரிவாளைக் கீழே போட்டோம். ஒரு ஆள்கூடக் களத்துக்குப் போகவில்லை. பண்ணையார் என்ன செய்தார்? எங்கிருந்தோ இந்த டிராக்டரைக் கொண்டுவந்து இறக்கினார். வெளியூர்க் கூலிகளை வைத்து அறுத்து, கட்டுகளைக் களத்தில் பரப்பி, இதை மேலே ஓட்டிப் போரடித்துவிடலாம் என்று திட்டம். அப்போது இதன் நிறம் பச்சை. பண்ணையார் வீட்டுக் கதவு, ஜன்னல், வில்வண்டி, எல்லாம் அந்த ஒரே பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் துண்டை இடுப்புக்கு இறக்குவார்கள். அப்படி ஒரு பச்சை.

ஓட்டிவந்தவன் துரைக்கண்ணு. எங்கள் தெருக்காரன். பண்ணையார் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து டிரைவர் ஆக்கியிருந்தார். தெருவே பட்டினி கிடக்கும்போது இவன் மட்டும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து வருகிறான். கருங்காலி. நான் போய்க் களத்துமேட்டில் படுத்தேன். முதலில் படுத்தவன் நான். என் பின்னால்தான் மற்றவர்கள். சத்தம் காதுக்குள் வந்தது, முன்சக்கரம் என் வேட்டியைத் தொட்டது, அங்கே நின்றது.

நின்றது என்று சொன்னேன். நிறுத்தினான் என்று சொல்லவில்லை. எங்கள் கோஷம் நிறுத்தியது. எங்கள் ஒற்றுமை நிறுத்தியது. துரைக்கண்ணு பயந்துபோய் இறங்கி ஓடினான். முதுகைத்தான் பார்த்தோம். பிறகு அந்த ஆள் இந்த ஊரில் நிமிர்ந்து நடந்ததில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே திரிந்தான். குற்றம் செய்தவன் எப்படி நிமிர்வான்?

உச்சவரம்புச் சட்டம் வந்தது, பண்ணை உடைந்தது, அவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போட்டு இந்த வண்டியைச் சங்கம் ஏலத்தில் எடுத்தது. ஸ்டார்ட் செய்கிற ஹேண்டில் மட்டும் இல்லை, செல்ஃப் எல்லாம் நாங்கள் பிறகு வைத்தது. பிறகு களத்துமேட்டுக் குட்டையைத் தூர்வாரும்போது சேற்றுக்குள்ளிருந்து அது கிடைத்தது. வண்டி நமக்குப் போனாலும் ஹேண்டில் போகக் கூடாது என்று பண்ணையார் குட்டையில் போட்டிருக்கிறார். எவ்வளவு கெட்ட எண்ணம் பாருங்கள்.

வண்டி கைக்கு வந்த அன்றே நான் செய்த முதல் வேலை சிவப்பு அடித்தது. டீசல் ஊற்றுவதற்கு முன்னால் பெயின்ட் ஊற்றினேன். அப்போதிருந்து ஒவ்வொரு மறியல் நாளுக்கும் ஒரு கோட். என்ன அடித்து என்ன? பழைய காலத்து அடி. திருகைக் கழற்றாமல், பாகத்தைக் கழற்றாமல், கண்ணில் படுகிற இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷை இழுப்பார்கள். சந்தில் எல்லாம் பச்சை ஒளிந்திருக்கும். டைனமோவுக்கு அடியில் பச்சை. அதைத் தாங்குகிற இரும்பில் பச்சை. சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதன் முதுகில் பச்சை. எத்தனை வருடம்! மேலே நாம், உள்ளே அவன்.

என்னைக் கௌரவமாக்கினார்கள் அல்லவா, நேரம் கிடைத்தது. போன வருடம் மறியல் நாளுக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினேன். டைனமோ, அதன் தாங்கி, கறுப்புப் பெட்டி, போல்ட், வாஷர், எல்லாம். முன்னாலும் பின்னாலும், உள்ளும் புறமும், இரண்டு கோட் சிவப்பு. ஒரு மூக்குப்பொடி அளவு பச்சையைக்கூட விடவில்லை. காயவைத்து, இறுக்கி மாட்டினேன். புரட்சிமணி வந்து பார்த்துவிட்டு, "அடுத்து டயருக்கும் அடிச்சிருங்க தோழர்" என்றான். நையாண்டி. அடிக்கலாம், ஒட்டாது.

அந்த மறியல் நாளில்தான் அந்தச் சதி நடந்தது.

வண்டி மேலேயே நின்று பேசினேன். மைக் இந்த வண்டியின் பேட்டரியில்தான் ஓடும், வாடகை ஜெனரேட்டர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவனுடைய எந்திரத்தில் நம்முடைய குரல். அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. நன்றாகத்தான் போனது. உலக நிலவரம் முடித்தேன், நாட்டு நிலவரம் முடித்தேன், காவிரிப் பிரச்சினை முடித்து, எழுபத்திரண்டுக்கு வந்தேன். கூட்டம் கப்சிப். அதற்குப் பெயர் தூக்கம் என்று புரட்சிமணி பிறகு சொன்னான், அவன் கிடக்கிறான். கையை உயர்த்தினேன். "தோழர்களே! அன்றைக்கு இந்த எந்திரத்தை நம் நெஞ்சின்மேல் ஓட்டிவந்த கருங்காலி யார்? அவன் பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள்! அவன்..."

மைக் செத்தது.

ஒரு 'கர்ர்' கூட இல்லை. அப்படியே அடங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடினால் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால் பேட்டரி ஏறும், ஏறவேண்டும், அதுதானே விஞ்ஞானம்? ஏறவில்லை. இந்த அம்மீட்டர் முள் இருக்கிறதே, சார்ஜ் ஏறினால் பிளஸ் பக்கம் சாயும், இறங்கினால் மைனஸ் பக்கம். பார்க்கிறேன், மைனஸில் படுத்துக் கிடக்கிறது. நான் வெறும் வாயால் கத்தினேன். முன்வரிசையில் இரண்டு பேருக்குக் கேட்டிருக்கும். அவர்கள் இருவரும் என் சம்பந்தி வீட்டார்.

ஒவ்வொரு வருடமும் அந்தப் பெயரை நான் கடைத்தெருவில் சொல்கிறேன். அந்த வருடம் மட்டும் அந்தப் பெயர் வருகிற இடத்தில் சரியாக மைக் நிற்கிறது. தற்செயல் என்கிறார்கள். தற்செயலாம்! நான் துண்டறிக்கை படித்து அரசியல் கற்றவன் மேஸ்திரி. பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், சிவப்பு மையில் அச்சடித்தது, அதுதான் எனக்குப் பாடப்புத்தகம். அதில் நான் கற்ற முதல் பாடம், இதனால் யாருக்கு லாபம் என்று கேள் என்பது. கேட்டேன். பெயர் வெளியே வராவிட்டால் யாருக்கு லாபம்? துரைக்கண்ணு செத்துவிட்டான். ஆனால் மகன் இருக்கிறான். வீரசேகர். கடைத்தெருவில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. கரண்டு வேலைக்காரன்! என்ன வேலை? கரண்டு வேலை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனாலும் நான் நியாயமான ஆள். முதலில் எல்லாவற்றையும் சோதித்தேன். பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார்கள். இறுக்கினேன். புது பெல்ட்டே போட்டேன். முள் அசையவில்லை. பேட்டரியைச் சைக்கிளில் கட்டி மன்னார்குடிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதில் ஏதோ விட்டுப் பார்த்துவிட்டு, "பேட்டரி கல்லு மாரி இருக்குங்க. ஒங்க வண்டியிலதான் சார்ஜ் ஏறல" என்றார். ஏறவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல ஒரு கடை.

பிறகு டைனமோ. சுற்றுவட்டாரத்தில் பழைய டைனமோ வேலை தெரிந்தவன் யார் என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். வீரசேகர். வேறு ஆளே இல்லையா என்றேன். வேறு ஆளே இல்லை.

சங்கத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நான் முன்மொழிந்தது. துரைக்கண்ணுவோ அவன் வாரிசுகளோ சங்க வளாகத்தில் கால் வைக்கக் கூடாது. தீர்மானம் என்றால் தீர்மானம். அதனால் டைனமோவைக் கழற்றிக் கோணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நான் போனேன். அவனைக் கூப்பிடவில்லை. நான் போனேன். வித்தியாசம் இருக்கிறது.

கடையில் போய்ப் பார்த்தால் அவன் கழுத்தில் கறுப்பு மணி மாலை.

"என்னடா இது?" என்றேன்.

"கருங்காலி மாலை தோழர். இப்ப எல்லாரும் போட்டுக்கறாங்க. நெகட்டிவ் எனர்ஜி அண்டாதாம்."

பாருங்கள் மேஸ்திரி. நான் ஐம்பது வருடம் எந்தச் சொல்லை இந்தக் குடும்பத்தின் கழுத்தில் தொங்கவிட்டேனோ, அதை அவன் காசு கொடுத்து வாங்கி, தானே மாட்டிக்கொண்டிருக்கிறான். ஊரே மாட்டிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் கழுத்தில் கருங்காலி. டீக்கடையில் கருங்காலி. என் பேரன் ஒருவன் போட்டுக்கொண்டு வந்தான், அறுத்து எறிந்தேன், வீட்டில் இரண்டு நாள் சண்டை.

அவன் வாயாடி. நான்கு பேர் நின்றால் போதும், வேலையைவிடப் பேச்சு அதிகம். போனை ஸ்டாண்டில் நிறுத்திவைத்துத் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டே வேலை செய்கிறான். "மக்களே, இது ஒங்க தாத்தா காலத்து டைனமோ, இதைப் பாத்தா பல பேரு பயந்துருவான், நம்ம பயப்பட மாட்டோம்" என்று அந்தப் போனிடம் பேசுகிறான். கார்பன் பிரஷ் மாற்றினான். மோட்டாரில் பெல்ட் போட்டுச் சுற்றிக் காட்டினான். பல்பு பளிச்சென்று எரிந்தது. "ஜோரா இருக்கு தோழர், கொண்டுபோயி மாட்டுங்க."

கொண்டுவந்து மாட்டினேன். ஏறவில்லை.

திரும்பக் கழற்றினேன், மடியில் வைத்துக்கொண்டு போனேன், அவன் பெஞ்சில் சுற்றினான், பல்பு எரிந்தது. கொண்டுவந்து மாட்டினேன், ஏறவில்லை. போனேன், எரிந்தது. வந்தேன், ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "என்னா தோழரே, கொழந்தைக்கு இன்னும் காய்ச்சல் விடலயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். பஸ்ஸே சிரிக்கிறது.

அடுத்த தடவை போனபோது வீரசேகர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப கட்அவுட்தான் கோளாறு. ஒங்க கட்அவுட்டைப் பாக்கணும்" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எங்க சங்கத்துல யாருக்கும் கட்அவுட் வெக்கிறதில்ல! அது முதலாளிக் கட்சிக்காரன் வேலை. தனிநபர் துதி எங்க கொள்கையிலேயே கெடையாது!" என்று கடைத்தெரு கேட்கச் சொன்னேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சொன்னான், அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் பெயர் கட்அவுட்டாம். டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டைத் திறந்துவிடுவதும் மூடுவதும் அதுதானாம். "அதுவும் எர்த் சரியா இருந்தாத்தான் தெறக்கும். நா ஒருதடவை வந்து வண்டியில வெச்சுப் பாத்தர்றனே தோழர்? அரை மணி நேரம். இங்க கெடந்து எத்தினி தடவ சுத்தறது?"

"நீ வளாகத்துல கால் வெக்கக் கூடாது. தீர்மானம்."

"அப்ப வண்டியைத்தான் இங்க ஓட்டிக்கிட்டு வாங்களேன்."

கருங்காலி கடை வாசலில் எங்கள் வண்டி போய் நிற்பதா? கட்அவுட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் அவன் பெஞ்சில் வேலை செய்தது. வேறு ஒன்று கொடுத்தான். முதுகில் சிவப்பு அடித்துத்தான் மாட்டினேன். ஏறவில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அங்கே எரிகிறது, இங்கே ஏறவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? அங்கேயிருந்து இங்கே வந்தபிறகு யாரோ கைவைக்கிறான். உள்ளாள். இந்த ஷெட்டிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். யாரும் வரவில்லை. வராமலேயே செய்கிறான் என்றால் எவ்வளவு தேர்ந்தவனாக இருக்கவேண்டும்! துண்டறிக்கை எழுதினேன். 'மின்சாரத்தை விழுங்கும் மர்மக் கை எது?' என்று தலைப்பு. நான்கு பக்கம். டைனமோ வரலாற்றில் ஆரம்பித்து, பண்ணையாரின் வாரிசுகள், அவர்களுடைய இன்றைய தொடர்புகள், சங்கத்துக்குள் புகுந்த பி.எஸ்சி. மனப்பான்மை, எல்லாம் எழுதினேன். அச்சகத்துக்காரன் 'மின்சாரத்தை' என்பதை 'மிளகுசாரத்தை' என்று அடித்துவிட்டான். அவனும் உடந்தைதான்.

அதைப் படித்துவிட்டுப் புரட்சிமணி வந்து நின்றான். "தோழர், இதைப் படிச்சவன் எல்லாம் நம்ம ஓட்டல் ஆரம்பிச்சிருக்கோம்னு நெனைக்கிறான். பேசாம வண்டியைப் பீடத்துல வெச்சுருவம். மாலையைப் போட்டு அழகா நிக்கட்டும்."

"ஓடற வண்டிடா இது!"

"எங்க ஓடுது? தள்ளுறோம். வருசத்துக்கு ஒருநாள் ஓடுறதுக்கு வருசம் பூரா தள்ளுறோம்."

அப்புறம்தான் செயற்குழு, அப்புறம்தான் அந்த நிபந்தனை. எனக்குத் தெரியாமல் இன்னொன்றும் செய்தான். முந்தாநாள் காலையில் நான் வந்து பார்க்கிறேன், இந்த ஷெட்டுக்குள், இந்த வண்டிக்கு அடியில், இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீரசேகர்! வளாகத்தில்! பக்கத்தில் புரட்சிமணி டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"எழுந்திருடா!" என்று கத்தினேன். "தீர்மானம் என்ன ஆச்சு?"

"திருத்தியாச்சு தோழர்" என்றான் புரட்சிமணி. "பழுது நீக்குற நேரம் நீங்கலாகன்னு சேத்துட்டோம்."

திருத்தம்! எந்த நாட்டில் எந்த இயக்கம் அழிந்தாலும் இந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கும்.

அந்தப் பயல் ஒரு பல்பு, இரண்டு ஒயர் வைத்திருந்தான். எஞ்சின் ஓடுகிறது. ஒரு ஒயரின் ஒரு நுனியை டைனமோ உடம்பில் தொட்டு, மறு நுனியை எஞ்சின் இரும்பில் வைத்துத் தேய்த்தான். அம்மீட்டர் முள் லேசாகத் துள்ளியது. ஒயரை எடுத்தான், படுத்தது. வைத்தான், துள்ளியது. வண்டிக்கு அடியில் கிடந்தபடியே பெரிய சிரிப்பு.

"தோழர், ஒங்க வண்டிக்கு எர்த் இல்ல!"

"என்னது?"

"எர்த். மண்ணு. மண்ணு இல்ல ஒங்க வண்டிக்கு."

மண்ணுக்காகப் போராடியவனைப் பார்த்துச் சொல்கிறான். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மண் வாங்கிக் கொடுத்தவனைப் பார்த்து. "யாருக்குடா மண் இல்ல?" என்று எட்டிப் பிடிக்கப் போனேன், புரட்சிமணி நடுவில் வந்தான்.

வீரசேகர் வெளியே வந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரலை நீட்டி நீட்டிச் சொன்னான். "கரண்டு போறதுக்கு ஒயர் இருக்கு. திரும்பி வர்றதுக்கு ஒயர் கெடையாது. வண்டியோட இரும்புதான் ஒயரு. டைனமோ இரும்பு எஞ்சின் இரும்போட ஒட்டணும். கட்அவுட்டு முதுகு வண்டி இரும்போட ஒட்டணும். நீங்க நடுவுல ரெண்டு கோட் பெயின்ட்டை அப்பி வெச்சிருக்கீங்க. வாஷருக்கெல்லாம் அடிச்சிருக்கீங்க. வாஷருக்கு எவனாச்சும் அடிப்பானா? பெஞ்சுல வெச்சா கிளிப்பு பெயின்ட்டைச் சுரண்டிக்கிட்டு உள்ள எறங்குது, எரியுது. இங்க எப்டி எரியும்?"

சொல்லிக்கொண்டே ரம்பத் தகட்டை எடுத்தான். எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தான். எதை? சிவப்பை! என் கண் முன்னால்! டைனமோவின் காலில், அதன் தாங்கியில், கட்அவுட் உட்கார்கிற இடத்தில், கரகரவென்று சுரண்டுகிறான். சிவப்பு தூள்தூளாக விழுகிறது. சிவப்பு போய், அடியில் என்ன வந்தது தெரியுமா? பச்சை. ஓரத்தில் எல்லாம் பண்ணையார் வீட்டுப் பச்சை. நடுவில் மட்டும் கொஞ்சம் இரும்பு.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் மாட்டி இறுக்கிவிட்டு எஞ்சினை வேகமாக ஓடவிட்டான். முள் பிளஸ் பக்கம் சாய்ந்தது.

சாய்ந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். சாய்ந்தது. அதனால் என்ன? இத்தனை காலம் அவன் பூட்டி வைத்திருந்ததை அவனே திறந்துவிட்டான், அவ்வளவுதான். கோளாறு செய்தவனுக்குத்தானே சரிசெய்யத் தெரியும்? அன்று முழுக்க எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியை நிரப்பினான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "இந்த மூணு எடத்துல மட்டும் பெயின்ட் அடிச்சுறாதீங்க தோழர். அடிச்சா பழைய கதைதான். வேணும்னா தனியா ஒரு கறுப்பு ஒயர் இழுத்துவிடறேன், அப்பறம் நீங்க எங்க வேணாலும் அடிச்சுக்கங்க."

"எங்க வண்டியில கறுப்பு வேண்டாம்" என்றேன்.

"சரி, விடுங்க." கூலி வேண்டாம் என்றான். வேண்டாம் என்கிறவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். நினைத்தபடியே வந்தது. "கூலிக்குப் பதிலா ஒண்ணு கேக்கறேன். இந்தத் தடவை எங்கப்பா பேரைச் சொல்லாதீங்க. கடை வாசல்ல வெச்சு வருசா வருசம் கேக்கறேன். எம் பொண்ணு இப்ப காலேஜ் போவுது, அதுவும் கேக்குது."

"வரலாறு பேரத்துக்கு இல்ல" என்றேன்.

அப்போதுதான் அந்தக் கதையை எடுத்துவிட்டான். "அவரு ஓடல தோழர். எஞ்சினை அவருதான் நிறுத்துனாரு. நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தீங்களாம். மறுபடி வேற எவனும் ஸ்டார்ட் பண்ணிறக் கூடாதுன்னு ஹேண்டிலைக் குட்டையில வீசிட்டு நடந்து போயிட்டாரு. அதுக்குப் பண்ணையார் ஆளுங்க மாட்டுக்கொட்டாயில வெச்சு அடிச்சதுல இடது காது போச்சு. கடைசி வரைக்கும் தலையைச் சாச்சு வலது காதாலதான் கேப்பாரு. ஒங்க கூட்டத்தையும் அப்டித்தான் கேப்பாரு. பின்னால நின்னு."

எப்படி இருக்கிறது கதை? குட்டையில் ஹேண்டில் கிடைத்தது ஊருக்கே தெரியும். அதை எடுத்துத் தன் அப்பன் பெயரில் எழுதிக்கொள்கிறான். நான் கண்ணை மூடிக்கொண்டேனாம்! வெயில் மேஸ்திரி. மல்லாந்து படுத்தால் வெயில் கண்ணில் அடிக்காதா? புரட்சிமணி அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். எனக்கு என்ன கோபம் என்றால், அவன்கூட நம்பிவிட்டான். செயலாளர்!

நான் எதற்கும் அசையவில்லை. இன்று அந்தப் பெயரைச் சொல்வேன். முழுப்பெயராகச் சொல்வேன், ஊர் பேர், தெருப் பேரோடு. உலக நிலவரம், நாட்டு நிலவரம், காவிரி, எழுபத்திரண்டு, பெயர். அந்த வரிசையை மாற்றமாட்டேன். நீங்களும் வந்து கேளுங்கள். பேட்டரி நிறைந்திருக்கிறது, செல்ஃப் தொட்டால் பிடிக்கிறது, தள்ள ஆள் தேவையில்லை. காலையில்கூட ஓட்டிப் பார்த்தேன். முள் பிளஸ் பக்கம் போகவில்லை, நடுவில் நின்றது. நிறைந்த பேட்டரிக்கு எதற்கு ஏறவேண்டும்? வயிறு நிறைந்தவன் பந்தியில் உட்காருவானா? அதெல்லாம் பேசும்போது தானாக ஏறிக்கொள்ளும்.

பாருங்கள், மறுபடியும் டேப்பை எடுக்கிறீர்கள். நான் இவ்வளவு நேரம் யாரிடம் பேசினேன்? உங்களுக்கு நாளைக்கு வேலை இருக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பீடமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இந்த வண்டி ஓடும். இதன்மேல் நின்று நான் பேசுவேன். இதில் அவனுடைய பச்சை ஒரு பொட்டுக்கூட இருக்காது. அந்தப் பயல் சுரண்டிவிட்டுப் போன இடங்களை அப்படியே விட்டுவிட்டு ஊர்வலத்தில் ஓட்டிப்போக நான் என்ன மானம் கெட்டவனா? எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். நேற்று ஒரு கோட், இன்று விடியற்காலையில் ஒரு கோட். முன்னாலும் பின்னாலும்.

அட, அங்கே சாயாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பெயின்ட் இன்னும் காயவில்லை.